அரூபக் கோட்டோவியம்

அரூபக் கோட்டோவியம் என்பது மனிதர், மரம், வீடு என்று பெயர் சொல்லக்கூடிய எந்த உருவத்தையும் காட்டாமல், கோடுகளை மட்டுமே கொண்டு தாளில் அமைக்கப்படும் ஓவிய வகை. பென்சில், மசிப்பேனா, கரி ஆகியவை இதன் கருவிகள். இவற்றுள் பென்சிலுக்குத் தனி இடம் உண்டு. வண்ணம் இல்லாததால் பார்ப்பவரின் கவனம் கோட்டின் தடிப்பு, அழுத்தம், இடைவெளி, திசை ஆகியவற்றின் மீது மட்டுமே நிற்கிறது.

தமிழ்நாட்டில் இவ்வகை ஓவியத்தை முதன்முறையாகக் காண்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "இது என்ன?" என்பது. நுணுக்கமான கோடுகள் நிறைந்த தாளைத் திருப்பூரில் காட்டினால் அந்தக் கேள்வி சற்று வேறு விதமாக வரக்கூடும்: "இது எந்தத் துணிக்கு?" பின்னலாடைத் தொழிலில் கோடுகளாலான படம் ஒரு வேலைக் கருவி. பனியன் துணியின் ஒவ்வொரு கண்ணியும் எப்படி உருவாக வேண்டும் என்பதை அங்கே கோடுதான் சொல்கிறது. வெளியாருக்கு அரூபமாகத் தெரியும் அந்தப் படம் நிட்டிங் மாஸ்டருக்கு எழுத்துப் போலத் தெளிவானது. அரூபக் கோட்டோவியத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒப்பீடு பயன்படும் என்பதால் இக்கட்டுரையில் இரண்டும் சேர்த்தே விளக்கப்படுகின்றன.

பென்சில் என்னும் கருவி

பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் அல்ல. கிராஃபைட் எனப்படும் கரிம வகை. இதில் கரிம அணுக்கள் மெல்லிய அடுக்குகளாக அமைந்துள்ளன. அடுக்குகளுக்கு இடையே பிணைப்பு வலுவற்றது என்பதால், தாளின் சொரசொரப்பில் உரசும்போது செதில்களாக உதிர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பகுதியில் தூய கிராஃபைட் கிடைத்தது முதல் அது எழுதவும் வரையவும் பயன்பட்டது. பிரான்ஸ் இங்கிலாந்தோடு போரிட்ட காலத்தில் அந்தக் கிராஃபைட் பிரான்சுக்குக் கிடைக்காமல் போனது. 1795இல் நிக்கோலா ழாக் கோந்தே கிராஃபைட் தூளைக் களிமண்ணுடன் குழைத்துச் சுட்டுக் குச்சியாக்கும் முறையை உருவாக்கினார். இன்றுள்ள பென்சில்களின் அடிப்படை இதுவே. களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், கோடு வெளிறும்; அதுதான் எச் வரிசை. களிமண் குறைந்தால் மென்மையாகும், கோடு கறுக்கும். அது பி வரிசை. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் எச்.பி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது.

ஓவியருக்கு இந்த வரிசை ஒரு சுரவரிசை போல. 4எச் பென்சிலைக் கூர்மையாகச் சீவி இழுத்த கோடு கண்ணுக்கு எட்டியும் எட்டாததாக இருக்கும். 6பி பென்சிலின் கோடு தாளில் அமர்ந்து மினுமினுக்கும். மசிக்கோட்டுக்கு இல்லாத ஒரு பண்பு பென்சில் கோட்டுக்கு உண்டு: கை அழுத்தம் மாறினால் ஒரே கோட்டிலேயே கருமை மாறும். வரைந்தவர் எங்கே தயங்கினார், எங்கே வேகமெடுத்தார் என்பது கோட்டிலேயே பதிவாகிறது. உருவம் இல்லாத ஓவியத்தில் பார்ப்பதற்கு இருப்பது பெரும்பாலும் இந்தப் பதிவுதான். அழித்தாலும் பென்சில் கோடு முழுதும் போவதில்லை. தாளில் ஏற்பட்ட பள்ளம் நிற்கும். சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

நெருக்கமான கோடுகளை ஒரே திசையில் அடுக்குவதும், அதன் மேல் குறுக்கே மற்றோர் அடுக்கு இடுவதும் பழைய உத்திகள். உருவ ஓவியத்தில் இவை நிழலைக் காட்டப் பயன்பட்டன. அரூபக் கோட்டோவியத்தில் நிழல் விழ அங்கே பொருள் எதுவும் இல்லை. எனவே உத்தியே பொருளாகிவிடுகிறது. இந்த இடத்தில்தான் பலருக்கும் தடுமாற்றம் வருகிறது.

சென்னையில் கோடு

தமிழ்நாட்டு நவீன ஓவியத்தில் கோட்டுக்கு இருக்கும் முதன்மை வேறு இந்திய மாநிலங்களின் ஓவியத்தில் இந்த அளவுக்கு இல்லை என்று சொல்லலாம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி, பின்னாளில் அரசு கவின்கலைக் கல்லூரியானது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் 'சொற்களும் குறியீடுகளும்' எனப்படும் ஓவிய வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், ஓலைச்சுவடி, கணக்கேடு இவற்றை நினைவூட்டும் கோடுகளும் எழுத்துப் போன்ற கிறுக்கல்களும் அவற்றில் நிறைந்திருந்தன. அந்த எழுத்துகள் வாசிப்பதற்கானவை அல்ல. எழுத்தின் தோற்றம் இருக்கும், பொருள் இருக்காது. படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் அந்த ஓவியத்தின் முன் ஒரே நிலையில் நிற்பார்கள்.

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். அங்கே வரைந்தவர்கள் ஓவியம் விற்றுப் பிழைக்கவில்லை. பாதிக் துணிகளையும் பிற கைவினைப் பொருட்களையும் செய்து விற்ற பணத்திலேயே அவர்கள் நிலம் வாங்கினர், வாழ்ந்தனர். உருகிய மெழுகைத் துணியில் கோடாக இழுத்து, சாயத்தில் முக்கி, மெழுகை நீக்கும் முறையே பாதிக். பகலில் துணியில் மெழுகுக்கோடு, பிறகு தாளில் பென்சில்கோடு என்று ஒரே கை இரண்டையும் செய்தது. தமிழ்நாட்டு அரூப ஓவியத்தின் பொருளாதார அடித்தளத்தில் துணி இருந்தது என்பது கலை வரலாற்று நூல்களில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி. அதற்கு இன்னும் கூடுதல் இடம் தரலாம்.

கோட்டோவியம் என்றதும் தமிழ் வாசகர் பலருக்கு நினைவுக்கு வருபவர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). திருச்சி மாவட்டம் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களாக வரைந்தார். அந்த வரிசை அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. மன்னர்களின் உருவங்களைப் பகடியாகக் காட்டும் மற்றொரு வரிசையும் உண்டு. சிற்றிதழ்களின் அட்டைகளிலும் பக்கங்களிலும் அவருடைய கோடுகள் இடம்பெற்றதால், ஓவியக் கண்காட்சிக்கே போகாத வாசகர்களும் அவற்றை அறிந்திருந்தனர்.

ஆதிமூலத்தின் காந்தி ஓவியங்கள் உருவ ஓவியங்கள்தாம். ஆனால் ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒரு தாளில் ஓர் அங்குல அளவுக்குச் சதுர ஓட்டை வெட்டி, அந்த ஓவியத்தின் அச்சுப்படி மேல் வைத்து நகர்த்திப் பார்க்கலாம். ஓட்டைக்குள் காந்தி இல்லை; தோள் இல்லை, கண்ணாடி இல்லை. ஒன்றையொன்று வெட்டிச் சுழன்று போகும் கோடுகள் மட்டுமே இருக்கும். அந்த ஓர் அங்குலமே ஓர் அரூபக் கோட்டோவியம். ஆதிமூலம் பிற்காலத்தில் உருவங்களை விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்தில் முழு அரூப ஓவியங்களுக்கு நகர்ந்ததைச் சிலர் திடீர்த் திருப்பமாகக் கருதினர். அவருடைய கோடுகளை இப்படி அருகில் சென்று பார்த்தவர்களுக்கு அது திருப்பமாகத் தோன்றாது.

நஸ்ரீன் முகமதி

பென்சிலாலும் மசியாலும் ஆன அரூபக் கோட்டோவியத்தில் இந்தியாவின் முதன்மையான பெயர் நஸ்ரீன் முகமதி. 1937இல் கராச்சியில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர். 1950களில் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியப் பள்ளியிலும் பிறகு பாரிசிலும் பயின்றார். 1972 முதல் வடோதரா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் ஆசிரியராக இருந்தார். 1990இல் மகாராஷ்டிரக் கடற்கரை ஊரான கிகிமில் இறந்தார்.

அவருடைய தொடக்க கால ஓவியங்களில் கிளை, இலை, மணல் போன்றவற்றின் சாயல் உண்டு. 1970களில் அந்தச் சாயலும் போய்விட்டது. தாளின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இணையாகச் செல்லும் கிடைக்கோடுகள். அவற்றுக்கிடையே சில இடத்தில் நெருக்கம், சில இடத்தில் அகலம். சில கோடுகள் பென்சிலில் வெளிறியும் சில மசியில் அழுத்தமாகவும் இருக்கும். 1980களில் கட்டங்களும் விலகின. பெரும்பகுதி வெறுமையாக விடப்பட்ட தாளில் சாய்கோடுகளும் வளைவுகளும் மட்டும் மிதந்தன. பெரும்பாலானவற்றுக்கு அவர் பெயரிடவில்லை, தேதியும் இடவில்லை. இதனால் எது முன், எது பின் என்று வரிசைப்படுத்துவது ஆய்வாளர்களுக்கு இன்றும் சிக்கலாகவே உள்ளது.

அளவுகோல், முக்கோண மட்டம், கோட்டுப்பேனா போன்ற கட்டட வரைவாளர்களின் கருவிகளைக் கொண்டு வரைமேசையில் அவர் வேலை செய்தார். அவரைத் தாக்கிய நரம்பு நோய் ஆண்டுக்கு ஆண்டு உடல் அசைவின் மீதான கட்டுப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தது. நடையும் கையும் தடுமாறிய அந்தக் காலத்தில்தான் மிகத் துல்லியமான கோடுகள் வெளிவந்தன. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கெட்டுப்போகும் ஓவியங்கள் அவை. இந்தச் செய்தியை அறிந்த பிறகு அந்தத் தாள்களைப் பார்ப்பவருக்கு, "இதை யார் வேண்டுமானாலும் அளவுகோல் வைத்து இழுக்கலாமே" என்ற வழக்கமான சொல் எளிதில் வாயில் வராது. ஆனால் நோயைக் கொண்டே அந்த ஓவியங்களை விளக்கிவிடுவதும் முறையாகாது. நோய் தீவிரமாவதற்கு முன்பே அவருடைய பாதை தெளிவாகிவிட்டது.

நஸ்ரீன் நிறையப் புகைப்படங்களும் எடுத்தார். வாழ்நாளில் அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. கடற்கரை மணல் வரிகள், சாலைக்கோடுகள், பதேபூர் சிக்ரியின் கல்தளங்கள் ஆகியவற்றோடு தறியில் இழுத்துக் கட்டப்பட்ட பாவு நூல்களும் அவற்றில் உள்ளன. அந்தப் பாவுப் படத்தையும் அவருடைய 1970களின் கோட்டோவியத்தையும் அடுத்தடுத்து வைத்தால், இரண்டிலும் ஒரே இழுவிசை தெரியும். அவர் தறியை வரைந்தார் என்று சொல்ல முடியாது. இழுத்துக் கட்டிய நூல் எப்படி நிற்குமோ அப்படித் தாளில் கோட்டை நிறுத்தினார் என்று சொல்லலாம்.

வாழ்ந்த காலத்தில் குறைவாகவே பேசப்பட்ட இவருடைய பெயர் பின்னர் உலகெங்கும் பரவியது. 2007இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த பன்னிரண்டாவது டாக்குமென்டா கண்காட்சியில் இவருடைய படைப்புகள் இடம்பெற்றன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2016 மார்ச்சில் மெட் புரூயர் என்ற புதிய கிளையைத் திறந்தபோது, தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்றாக நஸ்ரீனின் ஓவியங்களையே வைத்தது.

நெசவும் தாளும்

நெசவுக்கும் அரூபக் கோட்டோவியத்துக்கும் உள்ள உறவு நஸ்ரீனோடு தொடங்கவில்லை. ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் ஓவியர் பால் கிளே நெசவுப் பிரிவு மாணவர்களுக்கு வடிவக் கோட்பாடு கற்பித்தார். அந்த நெசவுப் பிரிவில் படித்த ஆனி ஆல்பர்ஸ் (1899–1994) பின்னர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நெசவையும் ஓவியத்தையும் சேர்த்தே செய்தார். 1940களின் பிற்பகுதியில் முடிச்சுகளையே பொருளாகக் கொண்ட ஓவியங்களை வரைந்தார். ஒரே நூல் மேலும் கீழுமாகப் புகுந்து வெளிவரும் அந்தப் படங்களில் முனையைத் தேடுவது கடினம்.

இந்தியாவில் இந்த உறவுக்கு அரசே வழி செய்தது. 1950களில் தொடங்கப்பட்ட நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்கள் வடிவமைப்பாளர்களாகப் பணியமர்த்தப்பட்டனர். பிரபாகர் பார்வே வாரணாசி மையத்திலும், சென்னை இயக்கத்தைச் சேர்ந்த ரெட்டப்ப நாயுடு சென்னை மையத்திலும் பணிபுரிந்தனர். கே.ஜி. சுப்பிரமணியன் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தார். ஓவியர்களுக்கு இது மாதச் சம்பளம். நெசவாளர்களுக்குப் புதிய வடிவங்கள். கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவிழையும் ஊடையும் சந்திக்கும் இடம் என்று எண்ணிப் பழகிய கண், வெறுந்தாளையும் அப்படியே பார்க்கத் தொடங்குவதில் வியப்பில்லை.

திருப்பூரின் கண்ணிப் படம்

திருப்பூரில் தறித் துணியைவிடப் பின்னல் துணியே முதன்மை. தறித் துணியில் பாவும் ஊடையும் நேர்கோடுகளாக ஒன்றையொன்று வெட்டும். பின்னல் துணியில் நேர்கோடே கிடையாது. ஒரு நூல் வளைந்து கண்ணியாகி, முந்தைய வரிசைக் கண்ணியின் ஊடே நுழைந்து வெளிவருகிறது. பனியன் இழுபடுவதும் விட்டவுடன் சுருங்குவதும் அந்த வளைவுகளால்தான். இந்தக் கண்ணிகளைத் தாளில் காட்டும் படத்துக்குக் கண்ணிப் படம் என்று பெயர். தொழிலில் லூப் டயகிராம் என்பார்கள்.

கண்ணிகளின் முழு உருவத்தையும் வரைவது நேரம் பிடிக்கும் வேலை என்பதால், சுருக்க முறை ஒன்று வழக்கத்தில் உள்ளது. ஊசிகளைப் புள்ளிகளாக வரிசையாக வைப்பார்கள். பிறகு நூல் செல்லும் வழியைக் கோடாக இழுப்பார்கள். கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து வந்தால் அந்த ஊசி முழுக்கண்ணி போடுகிறது, இது நிட். கோடு புள்ளியின் மேல் கூரைபோல ஏறி இறங்கினால் ஊசி நூலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, பழைய கண்ணியை விடவில்லை, இது டக். கோடு புள்ளியைத் தொடாமல் நேராகக் கடந்தால் அந்த ஊசி வேலை செய்யவில்லை, இது மிஸ். இந்த மூன்று அசைவுகளை மாற்றி மாற்றி அடுக்குவதில்தான் எத்தனையோ வகைத் துணிகள் பிறக்கின்றன.

எல்லா ஊசியும் எல்லா வரிசையிலும் நிட் என்றால் சிங்கிள் ஜெர்சி. சாதாரண டி-சட்டைத் துணி. காலர் வைத்த டி-சட்டைக்குப் பயன்படும் புள்ளிப்புள்ளியான லக்கோஸ்த் துணியில் நான்கு வரிசைக்கு ஒருமுறை வடிவம் திரும்ப வரும். முதல் வரிசை முழுவதும் நிட். இரண்டாவதில் ஓர் ஊசி நிட், அடுத்த ஊசி டக் என்று மாறி மாறி வரும். மூன்றாவது மறுபடியும் முழு நிட். நான்காவதில் டக் இடம் மாறி, முன்பு நிட் போட்ட ஊசிகளுக்கு வரும். டக் சேரும்போது துணி அகலமாகும், தடிக்கும். மிஸ் சேர்ந்தால் அகலம் குறையும், இழுவை குறையும். தாளில் ஒரு கோடு புள்ளியைச் சுற்றுகிறதா, மேலே ஏறி இறங்குகிறதா என்ற சிறிய வேறுபாடு துணியின் எடையையும் அகலத்தையும் மாற்றிவிடுகிறது. வாங்குபவர் கேட்ட ஜி.எஸ்.எம். வராவிட்டால் சரக்கு திரும்பும். எனவே இந்தக் கோட்டோவியத்தில் பிழைக்கு விலை உண்டு.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் விளங்கும். 30 அங்குல டயாவும் 24 கேஜும் கொண்ட வட்டப் பின்னல் எந்திரத்தில், வட்டச் சுற்றளவில் ஓர் அங்குலத்துக்கு 24 ஊசி வீதம் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். ஒரு கண்ணிக்கு 2.7 மில்லிமீட்டர் நூல் என்று வைத்தால், ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 6 மீட்டர் நூல் ஓடும். 90 ஃபீடர் உள்ள எந்திரம் ஒருமுறை சுற்றினால் 90 வரிசைகள், அதாவது ஏறத்தாழ 550 மீட்டர் நூல், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கண்ணிகள். அத்தனைக்கும் கட்டளை, உள்ளங்கை அளவுத் தாளில் புள்ளிகளும் கோடுகளுமாக அடங்கிவிடுகிறது. படத்தை எந்திரத்துக்கு மாற்றுவது கேம்களின் வேலை. எந்த ஊசி எவ்வளவு உயர வேண்டும் என்பதைக் கேமின் தடம் தீர்மானிக்கும். கேம் அடுக்கும்போது கையில் இருக்கும் தாள் அந்தப் படம்தான்.

அமெரிக்க ஓவியர் சால் லெவிட் 1968 முதல் சுவரில் பென்சில் கோடுகளாலான ஓவியங்களைச் செய்தார். கட்டளைகளையும் வரைபடத்தையும் அவர் தருவார். சுவரில் கோடு இழுப்பவர்கள் வேறு ஆட்கள். கண்காட்சி முடிந்தால் சுவருக்கு வெள்ளை அடிக்கலாம். கட்டளை கையில் இருந்தால் வேறு ஊரில், வேறு சுவரில் மறுபடி வரையலாம். இந்த யோசனை கலையுலகில் பெரும் விவாதத்தை எழுப்பியது. பின்னலாடைத் தொழிலில் இருப்பவருக்கு இது விவாதத்துக்குரியதாகவே தோன்றாது. டிசைன் ஒருவருடையது, பீஸ் வேறொருவர் போடுவது என்பது அங்கே அன்றாட நடைமுறை.

வேறுபாடு எங்கே என்றால், கண்ணிப் படம் துணியாகி முடிந்ததும் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. நஸ்ரீனின் தாளோ எந்தத் துணியாகவும் ஆகப்போவதில்லை. கட்டட வரைபடம் போலவும் எந்திர வரைபடம் போலவும் தோன்றும், ஆனால் கட்டுவதற்கு எதுவும் இல்லை. கண்ணிப் படத்தில் கோடு வேறொன்றுக்குச் செல்லும் வழி; அரூபக் கோட்டோவியத்தில் வழி மட்டுமே உண்டு. இதை வீண்வேலை என்பவரும் உண்டு, விடுதலை என்பவரும் உண்டு.

புள்ளியும் கோடும்

ஊசிப் புள்ளிகளைச் சுற்றி நூல்கோடு வளையும் படத்தைத் தமிழர் யாருக்கும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிக்குக் கோலத்தின் அமைப்பும் அதுவே. புள்ளிகளை வரிசையாக வைத்து, எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே கோடு திரும்புகிறது. ஒரே கோட்டில் முடிவதும் உண்டு, பல கோடுகள் பின்னிக்கொள்வதும் உண்டு. சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1970களில் கோலங்களைக் கணினியியலின் வடிவ இலக்கணங்களாக ஆராய்ந்தனர். சிறு துண்டு ஒன்றிலிருந்து விதிப்படி பெரிய கோலம் வளர்வதை அவர்கள் காட்டினர். லக்கோஸ்த் துணியின் நான்கு வரிசை திரும்பத் திரும்ப வந்து கிலோக்கணக்கில் துணியாவதும் ஏறத்தாழ இதே முறைதான்.

கோலம் எந்தப் பொருளையும் குறிக்க வேண்டியதில்லை. வாசலில் சிக்குக் கோலம் போடும் பெண்ணிடம் இது எதன் படம் என்று யாரும் கேட்பதில்லை. அதே வளைவுகளைப் பென்சிலால் தாளில் இழுத்துச் சட்டமிட்டு மாட்டினால் மட்டும் அந்தக் கேள்வி எழுகிறது. அரூப ஓவியம் மேற்கிலிருந்து வந்த புரியாத பழக்கம் என்ற பேச்சை, தினமும் காலையில் தமிழ்நாட்டு வாசல்கள் மறுத்துக்கொண்டிருக்கின்றன. இருந்தாலும் கோலத்தையும் நவீன ஓவியத்தையும் ஒன்றாக்கிவிடுவதும் பொருந்தாது. கோலத்துக்கு மரபும் விதியும் வாசலும் உண்டு. அரூபக் கோட்டோவியர் தமக்கான விதியை ஒவ்வொரு தாளிலும் தாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

பார்க்கும் முறை

இத்தகைய ஓவியத்தின் முன் நிற்பவர் உருவத்தைத் தேடுவதை விட்டு, ஒரு கோட்டைத் தேர்ந்து அதன் பின்னால் கண்ணைச் செலுத்திப் பார்க்கலாம். எங்கே தொடங்குகிறது, எதன் அடியில் புகுகிறது, எங்கே மெலிகிறது என்று தொடர்ந்தால், சில நிமிடங்களில் கையின் வேகம் பிடிபடும். அடுத்து கோடுகளுக்கு இடையில் உள்ள வெள்ளையைப் பார்க்க வேண்டும். நல்ல கோட்டோவியத்தில் வெள்ளையும் வரையப்பட்டதுதான். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கண்ணியின் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் பழக்கம் இங்கும் பயன்படும். ஊசி உடைந்த இடத்தில் துணியில் நீளவாக்கில் ஓடும் கோட்டை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கும் தொழிலாளி, கோட்டோவியத்தில் எந்தக் கோடு மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் சீக்கிரம் கண்டுகொள்வார். துணியில் அது பழுது. ஓவியத்தில் பல சமயம் அந்த ஒரு கோட்டுக்காகத்தான் மற்ற கோடுகள் இருக்கும்.

தரம் பிரிப்பதற்கு நுணுக்கம் மட்டும் அளவுகோல் ஆகாது. தாள் முழுவதையும் நெருக்கமான வளைவுகளால் நிரப்பிவிடுவது பொறுமையைக் காட்டும். பொறுமை ஒரு நல்ல குணம், ஓவியம் அல்ல. நிரப்பியதில் எங்கே விடப்பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் தேர்ந்த கையை அடையாளம் காட்டுகிறது. இன்று பயிற்சியாகவும் பொழுதுபோக்காகவும் பரவியுள்ள நிரப்புக்கோட்டு வரைகலையில் பலவும் இந்த இடத்தில்தான் தேங்கிவிடுகின்றன.

பாதுகாப்பு

பென்சில் கோடு ஒளியில் வெளிறுவதில்லை. கிராஃபைட் நிலையான பொருள். ஆனால் உராய்ந்தால் உதிரும், விரல் பட்டால் தேயும். தாள்தான் பெரிய சிக்கல். அமிலம் உள்ள மலிவுத் தாள் சில ஆண்டுகளில் மஞ்சளாகி ஒடியத் தொடங்கும். திருப்பூர், கோவை போன்ற ஊர்களைவிடக் கடலோரச் சென்னையில் ஈரப்பதத்தால் பூஞ்சை படிவது கூடுதல் தொல்லை. ஓவியங்களை அமிலம் நீக்கிய தாள்களுக்கு இடையே கிடையாக வைப்பதும், சட்டமிட்டால் கண்ணாடி நேரடியாகத் தாளைத் தொடாதபடி இடைவெளி அட்டை வைப்பதும் வழக்கமான முறைகள். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நிலைமின்சாரத்தால் கிராஃபைட் துகள் உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். படம் பதியாமல் இருக்கத் தெளிக்கும் பிசின் கரைசல் கோட்டை நிலைநிறுத்தும். எனினும் கிராஃபைட்டின் மினுமினுப்பைச் சற்றே மாற்றிவிடும் என்பதால் பல ஓவியர்கள் அதை விரும்புவதில்லை.

தொழிற்சாலைக் கண்ணிப் படங்களுக்கு இத்தகைய பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை. ஆர்டர் முடிந்ததும் தாள் குப்பைக்குப் போகும். இப்போது வடிவமைப்பு பெரும்பாலும் கணினியில் நடப்பதால் கையால் வரைந்த படங்களின் தேவையும் குறைந்துவிட்டது. பழைய நிட்டிங் மாஸ்டர்களின் நோட்டுகளில் எச்.பி. பென்சிலால் வரைந்த புள்ளிகளும் வளைவுகளும், ஓரத்தில் நூல் எண்ணும் டயாவும் கேஜும் குறித்த கணக்குகளுமாகச் சில பக்கங்கள் எஞ்சியிருக்கலாம். அவற்றைத் தொழில் வரலாற்று ஆவணமாகவும் கோட்டோவியமாகவும் சேர்த்து வைக்க அருங்காட்சியகமோ பின்னலாடைக் கல்லூரியோ முன்வந்தால், தேடத் தொடங்க வேண்டிய இடம் அந்த நோட்டுகள்தாம்.